வராமல் இருந்து சிறப்பிக்கும் அன்பு உள்ளங்களுக்கு

ஓசூர்
8 டிசம்பர் 2024

அன்புள்ள கூத்தையா மாமாவுக்கு,

ஜோதி எழுதுகிறேன். தபாலில் கடிதம் வந்ததைப் பார்த்து அத்தை பயந்திருப்பார்கள். கெட்ட செய்தி ஒன்றும் இல்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். போன மாதம் முனீஸ்குமாரின் போட்டோவை உங்களுக்கு மட்டும் என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். நான் போனைக் கீழே வைப்பதற்குள் அது குடும்ப குரூப்பில் வந்துவிட்டது. 'நம் வீட்டு வருங்கால மாப்பிள்ளை, கருத்துகள் வரவேற்கப்படுகின்றன' என்று தலைப்பு வேறு. அவர் காதைப் பற்றி மட்டுமே ஒரு நாள் முழுக்கப் பேசினீர்கள். காகிதத்தை ஃபார்வர்டு செய்ய முடியாது. போட்டோ எடுத்துப் போட்டால் இனி எழுதமாட்டேன்.

விஷயம் இதுதான். முனீஸை அய்யாவுக்கும் அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. மண்டபம் ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டிலும் சம்மதம். தை இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உப்பூர் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டிக்கொள்ள நாங்கள் இரண்டு பேரும் ஆசைப்படுகிறோம். இரு வீட்டிலும் சேர்த்து இருபத்தைந்து பேர். இலை போட்டுச் சாப்பாடு. அவ்வளவுதான்.

இதைச் சொன்னதிலிருந்து அய்யா என்னோடு பேசுவதில்லை. நான் போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். "ஊரக் கூப்புடாத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். நீங்களே நடத்திக்கோங்க" என்றாராம்.

அய்யா இல்லாமல் நான் மணையில் உட்காரமாட்டேன் மாமா. அவர் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் நீங்கள். கேட்காத மாதிரி நடிப்பார், ஆனால் கேட்பார். பேசிப்பாருங்கள்.

ஜோதி


திருவாடானை
13 டிசம்பர் 2024

மருமகளே, ஓசூரை ஒரு கையால் ஆளும் நாகஜோதியே,

உன் கடிதம் வந்து சேர்ந்த வைபவத்தை முதலில் கேள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டன. எனக்குக் கடிதம் என்றதும் எதிர்வீட்டார், பக்கத்து வீட்டார், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன லாரி டிரைவர் எல்லாரும் கூடிவிட்டார்கள். உன் அத்தை முருகலட்சுமி ஒரு பாட்டம் அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்த பிறகுதான் உறையைப் பிரித்தேன். ஒரு வரியைக்கூட யாருக்கும் காட்டவில்லை. சத்தமாக வாசித்தது வேறு கதை. அது ஃபார்வர்டு ஆகாது.

வாசித்து முடித்ததும் எனக்கு இரண்டு கண்ணும் இருட்டிவிட்டன. இருபத்தைந்து பேரா? மருமகளே, நான் தும்மினால் நலம் விசாரிக்க அதைவிட அதிகம் பேர் வருவார்கள். என் மிளகாய்க் காட்டுக் காக்காய்கள்கூடக் கூட்டமாகத்தான் வரும்.

நீ தொட்டிலில் கிடந்தபோதே உன் கல்யாணத்துக்கு நான் கொண்டுவரும் சீரை மனத்துக்குள் வரிசைப்படுத்திவிட்டேன். முன்னால் ஆறு குதிரை. நடுவில் சீர்த்தட்டு தூக்கி வரும் பெண்கள். முதல் தட்டு உப்பூரில் நுழையும்போது கடைசித் தட்டு திருவாடானையை விட்டுக் கிளம்பியிருக்காது. மேலே ட்ரோன். அது பூத் தூவும். பூத் தீர்ந்தால் வற்றல் மிளகாய் தூவும். இந்தச் சீரைக் கொண்டுபோய் இருபத்தைந்து பேருக்கு நடுவில் இறக்கினால், ஆளைவிடத் தாம்பாளம் அதிகமாக இருக்கும்.

மச்சானிடம் இந்தத் தூதை நான் கொண்டுபோகமாட்டேன். அவர் பக்கம்தான் நியாயம்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உண்மையான காரணம் என்ன? சிக்கனம், மன அமைதி என்றெல்லாம் டிவியில் பேசுகிறவர்களைப் போல எழுதாதே. நீ சின்ன வயதிலேயே என்னிடம் பொய் சொல்லி ஜெயித்தது கிடையாது. அந்தத் துறையில் நான் பல்கலைக்கழகம்.

இப்படிக்கு,
ஏழு கண்மாய் தாண்டியும் பேர் போனவன், மிளகாய்க் காட்டுக்கு மன்னன், மைக் இல்லாமலேயே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரலுடையவன்,
உன் தாய்மாமன் கூத்தையா


ஓசூர்
18 டிசம்பர் 2024

மாமா,

உண்மைக் காரணம் கேட்டீர்கள். இதை முனீஸைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அய்யாவிடம் கண்டிப்பாகச் சொல்லக் கூடாது. சத்தமாகவும் வாசிக்காதீர்கள்.

ஜெயப்பிரியா அக்கா கல்யாண வீடியோ உங்கள் வீட்டிலும் இருக்கும். அதில் தாலி கட்டுகிற இடத்தைப் பாருங்கள். அக்காவைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேர் யார் என்றே தெரியாது. ஒருவர் ஐஸ்கிரீம் தின்கிறார். ஒருவர் போனில் மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசுகிறார். அய்யா இல்லை.

அடுத்த காட்சியில் இருக்கிறார். மண்டப வாசலில், காரிலிருந்து இறங்குகிற ஒன்றியக் கவுன்சிலரைக் கும்பிட்டுக்கொண்டு. உள்ளே கெட்டிமேளம் கேட்கிறது. அய்யா ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்க்கிறார். பிறகு மறுபடியும் கார் பக்கம் திரும்பிக் கைகூப்புகிறார்.

அந்த ஒரு திரும்பல் என்னை என்னவோ செய்கிறது மாமா. பெற்ற மகளுக்குத் தாலி ஏறுவதைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

என் கல்யாணத்தில் அவர் வாசலில் நிற்கக் கூடாது. அதற்கு, வாசலில் வரவேற்க ஆளே இருக்கக் கூடாது. இதுதான் காரணம். சொன்னால், அக்காவுக்குக் குறை வைத்துவிட்டோமே என்று அய்யா உடைந்துபோவார். அதனால்தான் சிக்கனம், அமைதி என்றெல்லாம் பேசுகிறேன்.

வீடியோவில் உங்களையும் தேடினேன். ஒரே ஓர் இடத்தில் வருகிறீர்கள். ரசத்தில் மிளகு போதாது என்று சமையல்காரரிடம் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜோதி


திருவாடானை
26 டிசம்பர் 2024

மருமகளே,

வீடியோவைப் பார்த்தோம். நானும் உன் அத்தையும். அந்த இடம் வந்ததும் உன் அத்தை டிவியை நிறுத்தினாள். என் வீட்டில் சத்தம் இல்லாமல் போனதைக் கண்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சரி, கட்சி மாறிவிட்டேன். குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. (ரசத்தைப் பற்றி மட்டும் மன்னிப்பு கிடையாது. அது ரசமே இல்லை, வெந்நீர்.)

மறுநாளே உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அய்யா மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை வேகமாகப் போட்டார். ஒவ்வொரு போடுக்கும் பூமி பிளந்து பாதாள லோகத்தார் மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"ஏலே கூத்து, அவ சொல்லித்தான வந்த?"

"இல்ல மச்சான். காத்து வாங்க வந்தேன்."

"காத்த வாங்கிட்டுக் கெளம்பு."

பிறகு அவரே உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார். "நான் எந்தக் கல்யாணத்துக்குப் போகல? சொல்லு. மழையில போயிருக்கேன், காய்ச்சலோட போயிருக்கேன். ஒவ்வொருத்தனும் 'வேல்ராஜ் வாங்க வாங்க'ன்னு கையப் புடிச்சு மொத வரிசையில உக்கார வச்சிருக்கான். அவனையெல்லாம் விட்டுட்டு எம்மக கல்யாணத்த நடத்திட்டு, நாளைக்கு டீக்கடைல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்? 'எங்களயெல்லாம் மறந்துட்டியேப்பா'ன்னு ஒருத்தன் கேட்டா நான் செத்தேன்டா."

அப்போதுதான் என் அறிவுக்கண் டமார் என்று திறந்தது. மச்சானுக்குக் கூட்டம் வேண்டியதில்லை மருமகளே. யாரையும் மறந்துவிட்டார் என்ற பேர் வரக் கூடாது, அவ்வளவுதான். ஊரில் ஒருவரையும் விடாமல் நினைக்க வேண்டும். ஒருவரும் வரக் கூடாது. உலகத்தில் எந்த அரசனுக்கும் வராத சோதனை. எனக்கு வந்தது, வழியும் கண்டுபிடித்துவிட்டேன்.

சின்ன ஏற்பாடு ஒன்று செய்யப்போகிறேன். பெரியபட்டினத்துச் சஃபீர் துபாயிலிருந்து திரும்பி இராமநாதபுரத்தில் கடை போட்டிருக்கிறான். அவனைப் பார்க்கப் போகிறேன். என்ன கடை என்று கேட்காதே.

இப்படிக்கு,
மதியூகி, ராஜதந்திரி, வெந்நீருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரிந்த கடைசி மனிதன்,
கூத்தையா மாமன்


ஓசூர்
2 ஜனவரி 2025

மாமா,

என் காதுகுத்துக்கு 'சின்ன ஏற்பாடு' என்று நீங்கள் சொன்னது ஓர் ஒட்டகம். அது பந்தல் வாசலில் கட்டிய வாழைமரம் இரண்டையும் தின்றது. அதனால் கேட்கிறேன், சஃபீர் அண்ணன் என்ன கடை வைத்திருக்கிறார்?

நிபந்தனைகள்: மிருகம் கூடாது. மைக்செட் கூடாது. வெடி கூடாது. பறக்கிற எதுவும் கூடாது. ஒரு நாதஸ்வரம், ஒரு தவில். தாய்மாமன் மாலையை நீங்கள் கையில் கொண்டுவந்து எனக்குப் போட வேண்டும். அது மட்டும் பெரிதாக இருக்கலாம். நான் நடக்கிற அளவுக்குப் பெரிதாக.

அய்யா நேற்று போனை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால் "ம்" என்றார்.

ஜோதி


ஓசூர்
10 ஜனவரி 2025

மாமா!

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. ஜெயப்பிரியா அக்கா போட்டோ அனுப்பியது. திருவாடானை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கட்டடத்தையே மறைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ். மூலையில் நானும் முனீஸும் தபால்தலை அளவுக்கு. மீதி இடம் முழுவதும் நம் சொந்தக்காரர்கள், அய்யாவின் சிநேகிதர்கள், டீக்கடைக்காரர், உரக்கடைக்காரர், பால் சொசைட்டி ஆட்கள். எல்லாருக்கும் கூலிங்கிளாஸ். நடுவில் நீங்கள், கையில் ஒரு வாள்.

எழுத்தை வாசித்தபோது லேப்டாப் முன்னால் எழுந்து நின்றுவிட்டேன்.

'உப்பூர் பிள்ளையார் சந்நிதியில் தை 20 ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நடைபெறும் எங்கள் இல்லத் திருமணத்துக்கு வராமல் இருந்து சிறப்பிக்கும் அன்பு உள்ளங்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!'

வராதவர்களுக்கு எதற்கு மாமா நேரமும் இடமும்?

அய்யா பார்த்தாரா? என்ன சொன்னார்? எனக்குப் போன் செய்யவே கை வரவில்லை.

ஜோதி


திருவாடானை
17 ஜனவரி 2025

கலக்கம் வேண்டாம் மருமகளே!

பொங்கலுக்குத் தபால் ஓடாததால் தாமதம். இல்லாவிட்டால் வெற்றிச் செய்தியை முரசறைந்து அனுப்பியிருப்பேன்.

ஃப்ளெக்ஸ் ஏறிய அன்று காலையில் ஊரே பஸ் ஸ்டாண்டில் நின்றது. தொண்டி பஸ், தேவகோட்டை பஸ் எல்லாம் இறங்க ஆள் இல்லாமல், ஏற ஆள் இல்லாமல் திகைத்தன. தன் முகத்தைத் தேடி, கண்டுபிடித்து, அதன் அடியில் நின்று இன்னொரு போட்டோ எடுத்துக்கொள்ளாதவன் இந்தத் தாலுகாவில் இல்லை. விட்டுப்போனவர்கள் வரிசையில் வந்து முறையிட்டார்கள். அவர்களுக்காகத் தபால் ஆபீஸ் பக்கம் இரண்டாவது ஃப்ளெக்ஸ் ஏறியிருக்கிறது. அதில் என் வாள் இன்னும் நீளம்.

உன் அய்யாவை நான்தான் கூட்டிப் போனேன். அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்தது. என் ஆயுள் அந்த இடத்தில் முடிந்தது என்று எண்ணிக் குலதெய்வத்தை அழைத்தேன். அப்போது பார்த்து, மடைத் தண்ணீர்த் தகராறில் அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளி மூக்கையா நேராக வந்தார்.

"வேல்ராஜு, அம்புட்டுப் பேரும் கல்யாணத்துக்குக் கூப்புட்டுருக்கான். கூப்புடாததுக்கு மரியாதையா நன்றி சொன்னவன் நீ ஒருத்தன்தான்யா. அதுலயும் என்னைய மேல் வரிசையில போட்டுட்ட."

"கூலிங்கிளாஸ் நல்லாருக்கா?" என்றார் உன் அய்யா.

"எம்பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியல."

உன் அய்யா சிரித்தார் ஜோதி. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க. டீக்கடையில் அன்றைக்கு அவரைக் காசு கொடுக்க விடவில்லை. திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். "பிள்ளைட்ட சொல்லிருடா. வாரேன்னு சொல்லிரு."

நேரம், இடம் பற்றிக் கேட்டாய். நானும் சஃபீரிடம் கேட்டேன். "தேதி இல்லாம அடிச்சா மீசை இல்லாத போலீஸ் மாதிரி இருக்குண்ணே" என்றான். தொழில் தெரிந்தவன் சொன்னால் அரசன் கேட்க வேண்டும். வராதே என்று அத்தனை பெரிய எழுத்தில் போட்டிருக்கும்போது யார் வரப்போகிறார்கள்?

இப்படிக்கு,
வாளேந்திய வள்ளல்,
கூத்தையா மாமன்


திருவாடானை
5 பிப்ரவரி 2025

திருமதி நாகஜோதி முனீஸ்குமார் அவர்களே,

நீங்கள் இரண்டு பேரும் சாப்பாடு முடிந்த கையோடு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டீர்கள். நின்று பேச முடியவில்லை. ஆகவே உன் திருமணத்தை வரலாற்றுக்காக நான் எழுதிவைக்கிறேன். உன் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு.

அன்று காலையில் சூரியன் கடலை விட்டுக் கிளம்பியவன், உப்பூர் கோயிலுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டான். நகரவில்லை. என் மாலையைப் பார்த்துத்தான் நின்றான் என்று குருக்களே சொன்னார். அந்த மாலையைத் தூக்கி வர என் இரண்டு தோளும் போதாமல் மூன்றாவது ஒன்று முளைத்தது.

பிறகு தாலி கட்டிய காட்சி! ஆகா! தவில்காரர் கொட்டிய கொட்டில் கடல் இரண்டு அடி உள்வாங்கியது. முனீஸ்குமார் சிங்கம் போல எழுந்தான். கை நடுங்கவில்லை, கண் இமைக்கவில்லை. ஒரே மூச்சில் முடிச்சைப் போட்டான். உன் அய்யா பக்கத்தில் மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. நான் முன்வரிசையில், உன் அத்தைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கண்ணாரக் கண்டேன்.

இரண்டு வேன் வந்தது ஒரு சின்ன இடைஞ்சல். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வந்தவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முனீஸ் வீட்டார் நம் புளியோதரையைப் புகழ்ந்தபடி மண்டபம் வரைக்கும் போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
கண்கண்ட சாட்சி,
கூத்தையா மாமன்


ஓசூர்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொய்த் துறையில் நீங்கள் பல்கலைக்கழகம்தான். ஆனால் இந்தப் பரீட்சையில் பெயில்.

முனீஸுக்குக் கை நடுங்கியது. ரொம்ப நடுங்கியது. மாலைக்கும் சடைக்கும் நடுவில் தாலிக்கயிறு மாட்டிக்கொண்டு நழுவிவிட்டது. அப்போது அய்யா எழுந்து வந்தார். உங்கள் மாலையை ஒரு கையால் ஒதுக்கி, என் சடையை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "மெதுவாக் கட்டுங்க மாப்ள, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அதைச் சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தார். என் பின்கழுத்தில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் நான் இருந்தேன்.

அங்கே நின்ற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மலை, சிங்கம் என்று எழுத, அங்கே இல்லாத ஒருவரால்தான் முடியும்.

நேற்று அய்யாவிடம் போனில் கேட்டேன். இப்போதெல்லாம் போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன் என்கிறார். வேன் ஹார்ன் கேட்டதும் அவர் பழக்கத்தில் துண்டை உதறிக்கொண்டு எழுந்தாராம். நீங்கள் தோளை அழுத்தி உட்காரவைத்தீர்களாம். "மச்சான், நீங்க இங்கன இருங்க. வந்தவுகள நான் பாத்துக்கிறேன்."

மிச்சத்தை மூக்கையா பெரியப்பா சொன்னார். அவர்தான் முதல் வேனில் முன்சீட்டில் இருந்தவர். "அம்புட்டு மரியாதை பண்ணவுகளுக்கு நேர்ல வந்து நன்றி சொல்லாம இருக்க முடியுமா? கல்யாணத்துக்கா வந்தோம், நன்றி சொல்ல வந்தோம்" என்கிறார். நீங்கள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரும் எறங்கக் கூடாது. வரமாட்டீகன்னு ஊரறிய எழுதி வச்சிருக்கேன். எறங்குனா நான் பொய்யனாயிருவேன்" என்று பிரசங்கம் செய்தீர்களாம். வேனுக்குள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

அப்போது உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. நீங்கள் பேச்சை நிறுத்தி ஒரு தடவை கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள் என்றார் பெரியப்பா. பிறகு மறுபடியும் வேன் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "இப்ப எறங்குங்க. வாங்க, வாங்க" என்றீர்களாம்.

அந்தத் திரும்பலை நான் வீடியோவில் பார்க்காமலே பார்த்துவிட்டேன் மாமா.

வருகிற 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறோம். வரும் வழியில் நாங்களே இரண்டு மாலை வாங்கிக்கொள்வோம். அத்தையும் நீங்களும் நாற்காலியில் உட்காருங்கள். உங்கள் கண் முன்னால் மாலை மாற்றிக்கொள்கிறோம். வாசலில் யார் வந்து நின்றாலும், எந்த ஹார்ன் கேட்டாலும் நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. ரசத்துக்காகவும் எழுந்திருக்கக் கூடாது.

உங்கள் மருமகள்
ஜோதி


திருவாடானை
17 பிப்ரவரி 2025

ஜோதி,

வாங்க.

உட்கார்ந்திருப்பேன்.

மாமா

பி.கு.: அன்றைக்கு வாசலில் நிற்கிற வேலை தன்னுடையது என்று உன் அய்யா வந்து சொல்லிவிட்டுப் போனார். புதுத் துண்டு வாங்கியிருக்கிறார். எத்தனை பேரை வரவேற்க என்று கேட்டார். யாருமே வரமாட்டார்கள் மச்சான் என்று சத்தியம் செய்தேன். சஃபீர் இப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கினான். சின்னது ஒன்றுதான். வாள்கூட இல்லை.